முதல் வாய் என்னுடையது

மூடுங்கள். அந்தப் பொட்டலத்தை முதலில் மூடுங்கள்!

ஐயோ, மன்னித்துக்கொள்ளுங்கள். பயந்துவிட்டீர்களா? ஒரு இட்லி கீழே... இல்லை, மடியில்தான் விழுந்திருக்கிறது. எடுத்து வையுங்கள். புடவையில் எண்ணெய் பட்டுவிட்டதே. என்னால்தான். சரி, பிரியுங்கள், நிம்மதியாகச் சாப்பிடுங்கள். எனக்கு ஒன்றும் செய்யாது. எனக்கு எந்தக் காலத்திலும் எதுவும் செய்ததில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

பழக்கம், அவ்வளவுதான். மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் குழைத்துத் தடவிய இட்லி வாசனை வந்தால், மூளை யோசிப்பதற்கு முன்னால் வாய் கத்திவிடுகிறது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இப்படித்தான். என் மகன் எனக்கு சைரன் என்று பெயர் வைத்திருக்கிறான். இந்த டிரெயினில் நான் யாருக்காகக் கத்தினேன், சொல்லுங்கள்? பக்கத்து சீட்டில் இருப்பது என் பை. பைக்குமா நல்லெண்ணெய் ஆகாது?

நீங்கள் ராமநாதபுரமா? மகள் வீடா? நல்லது. நான் கடைசி வரைக்கும், ராமேஸ்வரம். நாளைக் காலையில் என் வீட்டுக்காரருக்கு முதல் வருஷத் திதி. மகன் அகிலன் பெங்களூரிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து, அவனுடைய அத்தையை ஏற்றிக்கொண்டு வருகிறான். ‘நீயும் வாம்மா, காலை நீட்டிப் படுத்துக்கிட்டு வரலாம்’ என்றான். ‘அந்தக் கார்ல உங்க அத்தை இருக்கான்னா, நான் மாட்டு வண்டியில வேணாலும் வரேன்’ என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் இந்தப் பாசஞ்சர். முதுகு இற்றுப்போகிறது. போகட்டும்.

அத்தை என்றால் என் நாத்தனார். தில்லைநாயகி. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. யார் மேல் தப்பு என்று நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நான் ஒரு பக்கமாகப் பேசுகிறவள் இல்லை. கான்வென்ட்டில் படித்தவள். யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது, எதுவானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று சிஸ்டர் ஃபிலோமினா எங்களுக்கு ஸ்கேலால் முட்டியில் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் முகத்துக்கு நேரேதான் சொன்னேன். அதனால்தான் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நீங்கள் சாப்பிடுங்கள். கதை கேட்டால் இட்லி காய்ந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்கு எள் ஆகாது. ஆகாது என்றால், கத்தரிக்காய் சாப்பிட்டால் சிலருக்குக் கை அரிக்குமே, அந்த மாதிரி இல்லை. ஒரே ஒரு எள் உள்ளே போனால் போதும், உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு சீட்டி அடிக்கும். நல்லெண்ணெய் தோலில் பட்டால் பட்ட இடமெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். அலர்ஜி. இப்போது அந்த வார்த்தை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அவர் வீட்டில் அதற்குச் சூட்டு உடம்பு என்று பெயர்.

பெண் பார்க்க வந்தபோது ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை மின்வாரியத்தில் இன்ஜினியர், வெற்றிலை கிடையாது, சிகரெட் கிடையாது, எல்லாம் சொன்னார்கள். எள்ளைச் சொல்லவில்லை. அப்புறம் கேட்டபோது என் மாமியார், ‘அதென்னம்மா பெரிய வியாதியா, சொல்றதுக்கு?’ என்றார்.

தலை தீபாவளிக்குக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குப் போனோம். விடியற்காலை மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்தாயிற்று. என் அம்மா மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வருகிறாள். அவர் என்னைப் பார்க்கிறார். நான் வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். ‘அத்தை, வேண்டாமே’ என்றார், பூனைக் குரலில். ‘சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு, மாப்பிள்ளை’ என்று அம்மா உச்சியில் வைத்துவிட்டாள். என் அம்மா அகராதியில் ஒரு சொட்டு என்றால் ஒரு உழக்கு. அப்புறம் தீபாவளி லேகியம். அதில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறுவோம் இல்லையா? சுண்டைக்காய் அளவு வாயில் போட்டுக்கொண்டார். மாமியார் கொடுத்தால் மறுக்கக்கூடாதாம். அந்தக் குடும்பத்தில் மரியாதைக்காக உயிரையே விடுவார்கள்.

வாசலில் என் தம்பி சரவெடிக்கு நெருப்பு வைக்கிறான். உள்ளே இவர் என்னிடம் ஏதோ சொல்ல வருகிறார், வார்த்தை வரவில்லை. உதடு இரண்டும் மேலும் கீழும் பணியாரம் மாதிரி உப்பிவிட்டன. கண் இரண்டும் கோடு. என் சித்தப்பா, ‘மாப்பிள்ளை வெக்கப்படறார் பாரு, முகமெல்லாம் செவந்துபோச்சு’ என்று சிரிக்கிறார். பிறகு மூச்சு சீட்டி அடிக்க ஆரம்பித்தது.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு எண்ணெய்த் தலையோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி மேல் ஊசி. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தலை தீபாவளியே கடைசித் தீபாவளி என்று டாக்டர் என் அப்பாவைத் திட்டினார். மறுநாள்தான் கண் திறந்தார். நான் கட்டில் பக்கத்தில் அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருக்கிறேன். முதல் வார்த்தை என்ன சொன்னார் தெரியுமா?

‘லேகியம் ரொம்ப நல்லா இருந்துச்சு, வத்சலா. என்னென்ன போட்டாங்க?’

அப்படிப்பட்ட நாக்கு. எதைக் கொடுத்தாலும் ரசித்துத் தின்கிற நாக்கு. கடவுள் அந்த நாக்கைக் கொடுத்து, எள்ளையும் படைத்து, இரண்டையும் தமிழ்நாட்டில் கொண்டுவந்து வைத்தார் பாருங்கள். அவரை முகத்துக்கு நேரே கேட்க முடியாது, அதனால் விட்டுவிட்டேன்.

நல்லெண்ணெய் இல்லாத சமையலை யோசித்துப் பாருங்கள். வத்தக்குழம்பு? எண்ணெய்க் கத்தரிக்காய்? புளிக்காய்ச்சல்? மாவடு? நான் கும்பகோணத்துக்காரி. எங்கள் வீட்டில் தலைவலிக்கும் நல்லெண்ணெய், கோபத்துக்கும் நல்லெண்ணெய். இங்கே வந்து, கடையில் சீரகம் வாங்கினால்கூடத் தாம்பாளத்தில் கொட்டி, ஒரு எள் கலந்திருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். முறுக்கில் எள், தட்டையில் எள், அதிரசத்தில் எள். பேக்கரி பன்னுக்குக்கூட மேலே எள்ளைத் தூவி வைத்திருக்கிறான். இந்த ஊரில் எள் இல்லாத இடம் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நான் நல்ல சமையல்காரி ஆனதே எள்ளை விட்ட பிறகுதான். அதற்கு முன்னால் அம்மா செய்ததைச் செய்தேன். புளிக்காய்ச்சலுக்கு எள்ளுப்பொடி போடாவிட்டால் அது என்ன புளிக்காய்ச்சல்? ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். கசகசா போட்டேன், கொழகொழத்துப்போயிற்று. வேர்க்கடலை போட்டேன், கடலை மிட்டாய் வாசனை. கடைசியில் ஒரு நாள் வெள்ளரி விதையைச் சிவக்க வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்தேன். கடலை எண்ணெயைக் காயவைத்து வெந்தயத்தைக் கருகுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தினேன். அந்தக் கசப்பும் இந்த விதையின் வாசனையும் சேர்ந்து, நல்லெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒன்று வந்தது.

அவர் எப்போதும் சமையலறையில் ஒரு ஸ்டீல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் விட்டு வந்தால் அங்கேதான். கரண்டியில் ஒரு வாய் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் எனக்குத் தீபாவளி ஞாபகம்தான் வரும். உதட்டைப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. மூச்சு சரியாக இருக்கிறது. அப்புறம் பார்த்தால் மனுஷர் அழுகிறார். புளியோதரை தின்று அழுத ஆம்பளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

‘வத்சலா, கோயில்ல எல்லாரும் இதைத்தானா வாங்கி வாங்கித் தின்னாங்க?’ என்றார்.

‘காரம் ஜாஸ்தியாயிடுச்சு, மூக்கைத் துடைங்க’ என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டேன். எனக்கு அதெல்லாம் தாங்காது.

முறுக்கா? எள் போட்டதாப்பா? போட்டிருக்கா? அப்போ வேண்டாம், போ. ...பாருங்கள். மறுபடியும் கேட்கிறேன். அந்த முறுக்குக்காரன் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தீர்களா?

கோயிலுக்குப் போனால் பிரசாதத்தைத் தொன்னையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டிவிடுவார். ‘நீ சாப்பிடு. சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்லு.’ பக்கத்தில் வரமாட்டார், நாலடி தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பார். நான் சாப்பிடுவேன். ‘எப்படி இருக்கு?’ ‘நல்லெண்ணெய் மாதிரி இருக்கு.’ ‘அதான், அது எப்படி இருக்கும்?’ ‘எண்ணெய் மாதிரி இருக்கும்.’ ‘கசக்குமா?’ ‘தொணதொணக்காதீங்க, செருப்பைப் பாத்துக்கிட்டு நில்லுங்க.’ அப்புறம் கோயில் குழாயில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, வாய் கொப்பளித்து, முந்தானையை உதறிவிட்டு, அதற்கப்புறம்தான் அவர் பக்கத்தில் வருவேன். கைப்பையில் சோப்பு இல்லாமல் நான் வீட்டைவிட்டு இறங்கியதில்லை. மற்ற பெண்கள் பவுடர் வைத்திருப்பார்கள்.

கல்யாண வீடு என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. எது விழுந்தாலும் முதல் வாய் என்னுடையது. அவர் வலது கையை இலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் கை இறங்கும். ஆட்டாவிட்டால் அதை ஓரமாக ஒதுக்கிவிடுவார். பந்தியே பாயசத்துக்கு வந்திருக்கும், நாங்கள் அப்போதுதான் கூட்டுக்கு வந்திருப்போம். அவர் ஆபீஸ்காரர் ஒருத்தர் எதிர்ப் பந்தியிலிருந்து, ‘என்ன அம்பலவாணன், ராஜாவுக்கு விஷம் பாக்கற மாதிரி மேடம் பாக்கறாங்க?’ என்று கேட்டார். இவர் கையைத் தூக்கியபடியே, ‘ராஜாதானேய்யா’ என்றார். எனக்கு மானம் போயிற்று. புடவை கட்டிக்கொண்டு வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பொறுமைசாலி இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வேன். தில்லைநாயகி வந்தால் அவளிடம் புலம்பித் தீர்ப்பேன். அப்போது நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். கத்தரிக்காயைக் கடலை எண்ணெயில் வதக்கிக்கொண்டே, ‘ஒரு நாளாவது இந்த வீட்டுல நல்லெண்ணெய் ஊத்திக் குழம்பு வெச்சுச் சாப்பிடணும் தில்லை. எனக்கு என்னிக்குத்தான் விடியுமோ?’ என்பேன். அவள் சிரிப்பாள். ஸ்டூலிலிருந்து இவர், ‘நான் கேம்ப் போறப்ப வெச்சுக்கோயேன், யாரு வேண்டாங்கிறா?’ என்பார். கேம்ப் போனார், மாதத்தில் பாதி நாள் போனார். நான் வைத்தேனா? மிளகு ரசம், சுட்ட அப்பளம். ஒரு ஆளுக்கு என்ன குழம்பு வேண்டியிருக்கிறது?

போன வருஷம் ஆடி மாதம். காலையில் ரவா உப்புமா. ‘இன்னும் கொஞ்சம் போடேன்’ என்றார். ‘வயித்துல கொஞ்சம் இடம் விடுங்க, மத்தியானம் மோர்க்குழம்பு’ என்றேன். எழுந்து போய்ச் செருப்பு மாட்டக் குனிந்தார். அப்படியே.

ஆஸ்பத்திரியில் நான் எல்லோரிடமும் கத்துகிறேன். எள் அலர்ஜி, எள் அலர்ஜி, அதற்கான ஊசியைப் போடுங்கள் என்று. உப்புமாவில் என்ன போட்டேன் என்று ஒவ்வொன்றாக ஒப்பிக்கிறேன், கடுகு, உளுந்து, இஞ்சி. அந்த டாக்டருக்கு என் மகன் வயசுதான் இருக்கும். என் கையைப் பிடித்து உட்கார வைத்து, ‘மேடம், இது ஹார்ட். சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல’ என்றான். சம்பந்தமே இல்லையாம். இருபத்தெட்டு வருஷம் ஒரு வாசலில் உட்கார்ந்து காவல் காத்தேன். அது கொல்லைப்பக்கமாக வந்துவிட்டுப் போயிருக்கிறது.

சரி. தில்லைநாயகி கதைக்கு வருகிறேன். நீங்கள் இரண்டாவது இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். சாப்பிடுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். இவள் சமையலறைக்குள் வந்தாள். அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். செக்கு நல்லெண்ணெய். என் கையில் வைத்து, ‘அண்ணி, இனிமே நீங்க ஊத்திக்கலாம்’ என்றாள்.

என் வீட்டில். என் சமையலறையில். அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அழுதுகொண்டேதான் சொன்னாள். அழுதால் ஆயிற்றா? ஒரு பெண்ணின் வாயில் அப்படி ஒரு வார்த்தை எங்கிருந்து வரும், சொல்லுங்கள். அண்ணன் எப்போது போவான், அண்ணி எப்போது எண்ணெய் ஊற்றுவாள் என்று காத்திருந்த மாதிரி! நான் எவ்வளவு கோபக்காரி, என் வாயில் அப்படி ஒரு பேச்சு வந்திருக்குமா? அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எல்லோரும் பார்க்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். ‘உங்க அண்ணன் சாவுல வாங்கின எண்ணெயை நீயே குடிடி’ என்றேன். முகத்துக்கு நேரே. அப்புறம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

இத்தனைக்கும் அவள் வீட்டிலும் நல்லெண்ணெய் கிடையாது. அண்ணன் எப்போது வந்தாலும் கை நனைக்க வேண்டுமே என்று, கல்யாணமான நாளிலிருந்து வாங்கியதில்லையாம். அவள் மாமியார் எவ்வளவோ ஏசியும் கேட்கவில்லையாம். எல்லாம் பெயர் வாங்கத்தான். அண்ணன் வருஷத்துக்கு நாலு தடவை போவார். இருபத்தெட்டு வருஷம் தினமும் மூன்று வேளை சமைத்தவள் நான். எனக்குத்தான் தெரியும்.

இப்போது இந்தத் திதி. போன வாரம் அகிலன் போன் பண்ணி, சாமானெல்லாம் தானே வாங்கிவிடுவதாக ஐயர் சொல்லிவிட்டார் என்றான். ‘எள்ளு இல்லாம செய்யச் சொல்லு’ என்றேன்.

‘அம்மா, எள்ளுதாம்மா முக்கியமே. எள்ளும் தண்ணியும் விட்டாத்தான் அப்பாவுக்குப் போய்ச் சேருமாம்.’

‘போய்ச் சேர்ந்தாத்தான்டா பிரச்சனை!’

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அவனும் முதலில் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ‘ஆயுசு முழுக்க ஒரு எள்ளு அந்த வாயில படாம காப்பாத்தி வெச்சிருக்கேன். நீங்க பிள்ளையும் அத்தையும் சேர்ந்து கைநிறைய அள்ளி விடுவீங்களா? கறுப்பு உளுந்தைப் போடச் சொல்லு. அதுவும் கறுப்பாத்தானே இருக்கு?’ என்றேன். பதினாறாம் நாள் அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் என்ன விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டில் இருந்தேன். பார்க்காததற்கு நான் பொறுப்பில்லை. நாளைக்கு நான் பக்கத்தில் நிற்பேன்.

அவன் மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, ‘அம்மா, அப்பாவுக்கு இனிமே அது ஒண்ணும் செய்யாதும்மா’ என்றான்.

எனக்குத் தெரியாதா? அவனைவிட எனக்குத்தானே முதலில் தெரியும். அவன் அப்போது பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

அன்றைக்கு அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அகிலன் வந்து முகம் பார்த்து முடித்ததும் எடுப்பதென்று பேச்சு. குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைப்பார்கள் இல்லையா? உங்கள் பக்கமும் உண்டுதானே? எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் ஏது? யாரோ தெருமுனைக் கடைக்கு ஓடிப் போய் வாங்கிவந்திருக்கிறார்கள். நான் உள்ளே பெண்களுக்கு நடுவில் இருக்கிறேன். கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள், எனக்கு வாசனை வந்துவிட்டது. எழுந்து ஓடினேன். ‘எடுங்க அதை! அவருக்கு ஆகாது! எடுங்க!’ சைரன் என்று சும்மாவா பெயர் வைத்தான் என் பிள்ளை? பறை மேளமே நின்றுவிட்டது. யாரோ, ‘பாவம், புத்தி பேதலிச்சுப்போச்சு’ என்றார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அவருடைய பெரியப்பா மகன் உச்சியில் வைத்துவிட்டார். அது நெற்றியில் வழிந்து, புருவத்தைத் தாண்டி, காதுப்பக்கம் இறங்குகிறது.

நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். முதலில் புருவத்துக்கு மேலே சிவக்கும். அப்புறம் காது மடல் தடிக்கும். அப்புறம்தான் உதடு. எனக்கு மனப்பாடம். ‘என் பையை எடுத்துட்டு வாங்க, மாத்திரை இருக்கு’ என்றேன். யாரும் எடுத்து வரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணெய் காதுக்குள் இறங்குகிறது. புருவம் சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று பார்த்தேன். ஒரு தடிப்பு வரவில்லை. ஒரே ஒரு சின்னத் தடிப்பு. கொசுக் கடித்த மாதிரியாவது ஒன்று.

டாக்டர் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. தாளில் எழுதிக் கொடுத்தார்கள், புரியவில்லை. ஆம்புலன்ஸில் அவர் காலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன், அப்போதும் இல்லை. நல்லெண்ணெயை ஊற்றினார்கள், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான்.

தில்லைநாயகி எங்கிருந்தோ ஒரு செம்புத் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். கூட்டத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, அண்ணன் நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள், கழுவுகிறாள், நிறுத்தவில்லை. ‘அண்ணிதான் சொல்றாங்கல்ல, அண்ணனுக்கு ஆகாதுன்னு!’ என்று எல்லோரையும் பார்த்துக் கத்துகிறாள். இத்தனை பேர் நடுவில். நாடகக்காரி.

தண்ணீர் வேண்டாம், என்னிடம் இருக்கிறது. ஒன்றுமில்லை. ஜன்னல் வழியாகத் தூசி அடிக்கிறது இந்த டிரெயினில்.

பரமக்குடி தாண்டிவிட்டதா? உங்கள் ஊர் வந்துவிடும். நீங்கள் இட்லியை மூடி வைத்துவிட்டீர்கள். எனக்காகவா? என்ன அநியாயம், மகள் வீட்டுக்குப் போகிறவர்களைப் பட்டினி போட்டுவிட்டேன். ...எனக்கா? வேண்டாம். வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள். நான் இதையெல்லாம் தொட்டு...

எனக்கு என் பிள்ளையைத் தெரியும். போனில் சரிம்மா, சரிம்மா என்பான். ஐயர் காதில் போய் வேறு சொல்வான். நாளைக்கு எள் வைக்கத்தான் போகிறார்கள். ஐயர் மந்திரம் சொல்வார், இவன் எள்ளை எடுப்பான், தண்ணீரை விடுவான். கூடவே அத்தைக்காரி நிற்பாள். அவர்களுக்கெல்லாம் ஒன்றும் தெரியாது. அவர் யார் சொன்னாலும் சாப்பிடமாட்டார். அத்தனை பேர் மத்தியில் கையை இலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால்தானே கையை இறக்குவார்? ருசி பார்க்காமல் நான் எப்படி ஆட்டுவது?

சரி, கொடுங்கள். பாதி போதும். இல்லை, அந்தப் பொடி நிறைய ஒட்டியிருக்கிற பக்கம்.

...

ம்.

என்ன கேட்டீர்கள்? எப்படி இருக்கிறது என்றா? என்னை இப்படி ஒருத்தர்தான் கேட்பார்.

கசக்கிறது. ஆமாம், கசக்கத்தான் செய்கிறது, லேசாக, நாக்கு நுனியில் இல்லை, உள்ளே போன பிறகு. அதற்கு முன்னால் ஒரு தித்திப்பு இருக்கிறது. வெல்லத் தித்திப்பு இல்லை. வறுத்த வாசனையில் வருமே, அந்தத் தித்திப்பு. தொண்டையில் இறங்கும்போது வெதுவெதுவென்று இருக்கிறது. இதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று பாருங்கள்? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நன்றாக இருக்கிறது. நீங்கள் இடித்த பொடியா? ஆட்டலாம். தலையை ஆட்டலாம்.

இருங்கள், எழுந்திருக்காதீர்கள், ஸ்டேஷன் இன்னும் வரவில்லை. எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். என் கையெல்லாம் எண்ணெய். அந்தப் பையின் முன்பக்க ஜிப்பைத் திறந்து சோப்பை எடுத்துக் கொடுங்கள். மாத்திரைக்கு அடியில் இருக்கும். இரண்டு தடவை கழுவ வேண்டும். நாளைக்கு அவர் பக்கத்தில் நிற்க வேண்டுமே.